பக் நாயின் குறட்டையும் அதன் பராமரிப்பும்

இரண்டு வயதுப் பெண் பக் ஒன்றை உறவினரிடமிருந்து வாங்கி வளர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். எடை பத்தரைக் கிலோ. அடுத்த அறைக்குக் கேட்கும்படி குறட்டை விடுகிறது, சிறிது தூரம் நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறது, உண்ட சோற்றைச் சில நேரம் நுரையோடு வெளியே தள்ளுகிறது. முன்பு வளர்த்தவரோ, "இந்த ஜாதியே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். இது இயல்புதானா, அன்றாடப் பராமரிப்பில் எவற்றைக் கவனிக்க வேண்டும், ஒரு முறையாவது குட்டி போட விடலாமா என்பவை உங்கள் கேள்விகள். ஓர் இனத்தில் பரவலாகக் காணப்படுவதாலேயே ஒன்று உடலுக்கு இயல்பானதாக ஆகிவிடாது. இந்த நாயைப் பொறுத்தவரை உணவு, நடை, உறக்கம், வெயில், மருத்துவம் என எதைப் பற்றி முடிவெடுத்தாலும் மூச்சை முதலில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பக், ஷிட்சு, பெக்கிங்கீஸ், பாஸ்டன் டெரியர், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களில் முகத்து எலும்புகள் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் வெகுவாகக் குறுக்கப்பட்டுவிட்டன. ஆனால் அந்த எலும்புகளுக்குள் அடங்க வேண்டிய தசையும் சவ்வும் அதே விகிதத்தில் குறையவில்லை. சிறிய சன்னலில் பெரிய திரைச்சீலையைத் தொங்கவிட்டதைப் போல, மெல்லண்ணம் (வாயின் மேற்கூரையின் பின்பகுதியிலுள்ள மென்மையான தசை) தேவைக்கு மேல் நீண்டும் தடித்தும் தொங்கி, குரல்வளையின் வாயிலை மறைக்கிறது. மூக்குத் துளைகள் குறுகியிருக்கின்றன. மூக்கினுள் சுருண்டிருக்கும் மெல்லிய எலும்புகள் இடம் போதாமல் காற்றுப் பாதைக்குள்ளேயே வளர்கின்றன. வாய்க்கு நாக்கு பெரிதாக இருக்கிறது. சிலவற்றில் மூச்சுக்குழாயே குறுகலாக அமைந்துவிடுகிறது. இத்தனை தடைகளையும் கடந்து காற்றை உள்ளிழுக்க நாய் கூடுதல் விசையைச் செலவிடுகிறது. அந்த இழுவிசையால் தொண்டையின் சவ்வுகள் வீங்குகின்றன; குரல்வளையில் உள்ள சிறு பைகள் காற்றுப் பாதைக்குள் பிதுங்குகின்றன; நாளடைவில் குரல்வளையின் குருத்தெலும்பே வலுவிழந்து உள்நோக்கிச் சரியத் தொடங்குகிறது. இந்தக் கோளாறு ஆண்டுக்கு ஆண்டு முற்றக்கூடியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு வயதில் வேடிக்கையாகக் கேட்கும் குறட்டை, ஆறு வயதில் மயங்கி விழும் நிலைக்கு இட்டுச்செல்லக்கூடும்.

இந்த இனம் எப்போதும் இவ்வளவு தட்டையான முகத்தோடு இருந்ததில்லை. சீனாவில் தோன்றி, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த இனம் இது. ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் தீட்டிய தன்னுருவ ஓவியத்தில் அவருடைய பக் நாய் டிரம்ப் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதன் மூக்கு இன்றைய பக் நாய்களின் மூக்கைவிடத் தெளிவாக நீண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாய்க் கண்காட்சிகள் பரவிய பின்னரே முகம் மேலும் மேலும் தட்டையாக்கப்பட்டது. மனிதர் விருப்பத்தால் நேர்ந்த மாற்றம் என்பதால் அதைத் திருத்தவும் மனிதரால் முடியும். நெதர்லாந்தில் மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தோடு ஒப்பிடும்போது குறிப்பிட்ட விகிதத்துக்குக் கீழே உள்ள நாய்களை இனப்பெருக்கத்தில் ஈடுபடுத்தக்கூடாது என்று 2019 முதல் அரசு வரையறை செய்திருக்கிறது. என் கருத்தில் அது கடுமையான விதியே அல்ல.

உங்கள் நாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். அது அமைதியாக இருக்கும்போது எதிரே உட்கார்ந்து மூக்குத் துளைகளைப் பாருங்கள். நல்ல துளை வட்டத்தை ஒட்டித் திறந்திருக்கும். குறுகிய துளை செங்குத்தான கீறலாகத் தெரியும். மிகவும் குறுகியதாக இருந்தால், காற்றை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் துளையின் பக்கச்சுவர் உள்ளே ஒட்டிக்கொள்வதைக் காணலாம். அடுத்து, வாயை மூடிய நிலையில் அது எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கவனியுங்கள். வெயிலும் ஓட்டமும் இல்லாத வேளையிலும் வாயைத் திறந்தபடியே மூச்சு விட்டால் மூக்கு வழி போதவில்லை என்று பொருள். உறங்கும் முறையும் பல செய்திகளைச் சொல்லும். தலையணை விளிம்பிலோ கட்டில் கட்டையிலோ மோவாயைத் தூக்கி வைத்துக்கொண்டு உறங்குவது, பொம்மையை வாயில் கவ்வியபடி உறங்குவது, உட்கார்ந்த நிலையிலேயே தூங்கி விழுவது ஆகிய மூன்றும் தொண்டையைத் திறந்து வைத்துக்கொள்ள நாய் தானாகக் கண்டுபிடித்த வழிகள். இவற்றைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிப்பவர்கள் உண்டு; அந்தப் படத்தை முதலில் கால்நடை மருத்துவருக்குக் காட்டுவது நல்லது. குறட்டை இடையில் நின்று, சில நொடிகள் மூச்சே இல்லாமல், பிறகு திடுக்கிட்டு விழித்தால் அது உறக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு. ஆழ்ந்து உறங்கும் நாயின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அது முப்பதுக்குள் இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் இதை அளந்து சொல்லும் முறையும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வகுத்த தர அளவீட்டில், நாய் ஓய்வில் இருக்கும்போது மருத்துவர் அதன் தொண்டை ஒலியைக் கேட்பார். பிறகு மூன்று நிமிடம் விரைநடையில் நடத்தி மீண்டும் கேட்பார். அதன்படி பூச்சியத்திலிருந்து (கோளாறில்லை) மூன்று வரை (மிகக் கடுமை) தரம் வழங்கப்படும். ஓய்வில் கேட்காத சத்தம் நடந்த பின் வெளிப்படுவதுண்டு என்பதால் மேசைமேல் நிறுத்தி மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்வது போதாது. லண்டனிலுள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வு, பக் நாய்களுக்கு இந்த மூச்சுத்தடைக் கோளாறு வரும் வாய்ப்பு பிற நாய்களைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் என்று கணித்தது. ஆகவே உங்கள் நாய்க்கு இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவதே முதல் வேலை.

இங்கே ஒன்றை வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். சில நேரம் நாய் திடீரென நின்று, கழுத்தை நீட்டி, பெருஞ்சத்தத்துடன் காற்றை மூக்கு வழியே உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். உயிரே போய்விடுமோ என்று தோன்றும். பின்னோக்கிய தும்மல் எனப்படும் இது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். தொண்டையை மெல்லத் தடவிக்கொடுத்தால் போதும். ஆனால் நாக்கோ ஈறோ நீலம் பாய்ந்தாலும், நாய் தள்ளாடினாலும், நினைவிழந்தாலும் அது வேறு. ஒரு நொடியும் காத்திருக்கக்கூடாது.

இனி எடை. இந்த இனத்துக்கு வகுக்கப்பட்ட எடை 6.3 முதல் 8.1 கிலோ வரை. பத்தரைக் கிலோ என்பது, பெரிய எலும்பமைப்பு கொண்ட நாய் என்று வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய இரண்டரைக் கிலோ மிகை. இந்தக் கொழுப்பு வயிற்றில் மட்டும் சேர்வதில்லை; கழுத்திலும் தொண்டையைச் சுற்றியும் படிந்து ஏற்கெனவே குறுகிய பாதையை மேலும் நெருக்குகிறது; மார்புக்கூடு விரிவதைத் தடுக்கிறது; வெப்பம் வெளியேறுவதையும் மட்டுப்படுத்துகிறது. அறுவை சிகிச்சையே வேண்டாம் என்னும் அளவுக்கு எடைக் குறைப்பு மட்டும் சில நாய்களுக்குப் பலன் தருகிறது என்பதால், நீங்கள் கையில் வைத்திருக்கும் மருந்துகளிலேயே வலிமையானது இதுதான் என்பேன்.

நாய் சும்மா இருப்பதற்கே வேண்டிய ஆற்றலைக் கணிக்க மருத்துவர்கள் ஒரு வாய்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி எட்டுக் கிலோ இலக்கு எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 330 கலோரி ஆகும். எடை குறைக்க வேண்டிய நாய்க்கு இந்த அளவிலிருந்தே தொடங்குவது வழக்கம். உணவை டம்ளரால் அளக்காதீர்கள். கைக்குக் கை அளவு மாறும். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, அன்றைய உணவு முழுவதையும் காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்; யார் எப்போது கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் அனைவருக்கும் சொல்லிவிடுங்கள். தின்பண்டங்கள் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு நூறு முதல் இருநூறு கிராம் வரை குறைந்தால் போதும். அந்தக் கணக்கில் இரண்டரைக் கிலோ குறைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதைவிட வேகமாகக் குறைத்தால் தசையும் கரையும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் விரலால் மெல்லத் தடவினால் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். பக் நாய்க்குப் பசி அடங்குவதே இல்லை. அது பார்க்கும் பார்வையில் மனமிளகிக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டும் அதன் மூச்சுக்கு எதிராகவே போய்ச் சேரும். வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவர்கள் மறைவாகக் கொடுப்பதைத் தடுப்பதுதான் இந்தத் திட்டத்தில் மிகக் கடினமான பகுதி. அவர்கள் கையிலேயே அந்த டப்பாவை ஒப்படைத்துவிடுவது பெரும்பாலும் பலன் தருகிறது.

உணவை நுரையோடு வெளியே தள்ளுவதாகச் சொன்னீர்கள். குமட்டலும் வயிற்றுத் தசையின் உந்துதலும் இல்லாமல், செரிக்காத உணவு அப்படியே வந்து விழுந்தால் அது வாந்தி அல்ல; உணவுக்குழாயிலிருந்தே திரும்பும் எதிர்க்களிப்பு. மூச்சை இழுக்க நாய் செலவிடும் அதே விசை வயிற்றின் மேற்பகுதியை மார்பை நோக்கி இழுப்பதால் இது நேர்கிறது. மூச்சுப் பாதையைச் சீராக்கினால் இதுவும் குறைவதுண்டு. அதுவரை உணவை மூன்று சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். ஆழமான கிண்ணத்தில் முகத்தைப் புதைத்து உண்ண இயலாத தாடை இது என்பதால் அகன்ற, ஆழமற்ற தட்டே ஏற்றது. உண்ட உடனே விளையாட விடாதீர்கள். திரும்பி வரும் உணவு நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியா வரும். எனவே எதிர்க்களிப்புக்குப் பின் இருமலோ காய்ச்சலோ சோர்வோ தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும்.

வெயிலில் இந்த நாய்க்கு நேரும் ஆபத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைப்பால் தணித்துக்கொள்கிறது. மூக்கினுள்ளும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது இரத்தம் குளிர்கிறது. நீண்ட மூக்குள்ள நாய்க்கு அந்த ஈரப்பரப்பு மிகுதி. பக் நாய்க்குக் குறைவு. இதனால் அது இன்னும் வேகமாக இரைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேகமான உழைப்பே மேலும் வெப்பத்தை உண்டாக்குகிறது. தொண்டைச் சவ்வு வீங்கிப் பாதை இன்னும் சுருங்குகிறது. ஒரு கட்டத்துக்குப் பின் நாயால் தானாக இந்தச் சுழலிலிருந்து மீள முடிவதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ஆவியாதலே குறைந்துவிடும் என்பதால், சூரியன் மறைந்திருந்தாலும் புழுக்கமான மாலை ஆபத்தானதே.

பூட்டிய காரில் விடப்பட்ட நாய்தான் வெப்பத் தாக்குக்கு உள்ளாகும் என்பது பொதுவான எண்ணம். காரில் விடவே கூடாது என்பதில் ஐயமில்லை. வெளியே 24 டிகிரி இருக்கும்போதே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34 டிகிரியை எட்டிவிடும். ஆனால் பிரிட்டனில் கால்நடை மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நடை, ஓட்டம், விளையாட்டு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவை. பந்தைத் துரத்தச் சொன்னால் பக் துரத்தும். போதும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

மூச்சிரைப்பின் ஒலி கரகரவென்று மாறுவது, நாக்கு வழக்கத்தைவிட அகன்று நுனி விரிந்து தொங்குவது, எச்சில் கெட்டியாக இழைவது, நடை தடுமாறுவது ஆகியவை எச்சரிக்கைகள். நாயின் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் சிதையத் தொடங்கும். அந்நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும், அதன் பிறகே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். உடல் முழுவதும், குறிப்பாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும், குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, மின்விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். குளிர்ந்த நீர் அதிர்ச்சி தரும் என்ற பழைய எச்சரிக்கையை நம்பித் தாமதிக்க வேண்டாம். ஈரத்துணியைப் போர்த்தி வைப்பது தவறு, ஏனெனில் அது சிறிது நேரத்தில் சூடேறி வெப்பத்தை உள்ளேயே தேக்கிவிடும். வாயில் வலிந்து நீர் புகட்டாதீர்கள். மூச்சிரைக்கும் நாய்க்குப் புரையேறும்.

நடை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடையைக் குறைக்கவும் தசையைக் காக்கவும் நாள்தோறும் நடை தேவை. விடியற்காலையில் ஒன்று, நன்றாக இருட்டிய பின் ஒன்று என இரண்டு குறுநடைகள், நாய் விரும்பும் இடத்தில் நின்று மோப்பம் பிடிக்க விட்டு, அதன் வேகத்திலேயே போனால் போதும். அது உட்கார்ந்துவிட்டால் இழுக்காதீர்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸ் வாங்குங்கள். கழுத்தில் விழும் இழுப்பு தொண்டையை நெரிப்பதோடு கண்ணுக்குள் அழுத்தத்தையும் உயர்த்துகிறது. இந்த நாயின் கண்ணுக்கு அது கூடவே கூடாது.

கண்ணைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். முகம் தட்டையானபோது கண்குழியும் ஆழமிழந்தது. விழி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பல நாய்களுக்கு இமை முழுமையாக மூடுவதில்லை. உறங்கும்போது குனிந்து பாருங்கள், இமைகளுக்கிடையில் விழியின் ஒரு கீற்று தெரிந்தால் அந்தப் பகுதி இரவெல்லாம் காய்ந்துகொண்டிருக்கிறது. மூக்கின் மேலுள்ள மடிப்பின் உரோமமும் உட்சுருண்ட கீழிமையும் ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியை உராய்கின்றன. இவற்றால் புண்ணும், நாள்பட்டால் கருவிழியின் மேல் பழுப்பு நிறப் படலமும் தோன்றும். மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து புகை படிந்ததைப் போல மெல்லப் பரவும் அந்தப் படலத்தை வயதானதன் அடையாளம் என்று விட்டுவிடுகிறார்கள். அது பார்வையையே மறைக்கும். கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்பதைச் சிறு தாள்பட்டையைக் கீழிமையில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கும் எளிய சோதனையால் அறியலாம்; 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனைந்தால் நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொள்வது, முன்காலால் தேய்ப்பது, கருவிழியில் நீலச் சாயல், மஞ்சள் பீளை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மறுநாளைக்கு ஒத்திப்போடக்கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை ஊற்றுவது மிகப் பெரிய தவறு: அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் புண்ணும் இருந்தால் ஓரிரு நாளில் கருவிழி துளைபட்டுவிடக்கூடும். மற்றொரு அவசரமும் உண்டு. வேறு நாயோடு சண்டை, அடி, கழுத்தைப் பிடித்து முரட்டுத்தனமாகத் தூக்குதல் ஆகியவற்றால் இந்த இனங்களில் விழி குழியை விட்டே வெளியே வந்துவிடக்கூடும். அதை உள்ளே தள்ள முயலாமல், உப்பு நீர்க் கரைசலிலோ சுத்தமான தண்ணீரிலோ நனைத்த துணியால் ஈரம் காயாமல் மூடி, நாய் கையால் தேய்க்காதபடி பிடித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பார்வை தப்புமா என்பது அந்த முதல் சில மணி நேரத்தைப் பொறுத்தது.

மூக்கு மடிப்பைச் சுத்தம் செய்வது அன்றாட வேலை. நாயை மடியில், அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எதிரே நின்று கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு கையின் கட்டைவிரலால் மடிப்பை நெற்றியை நோக்கி மெல்ல உயர்த்தினால் உள்ளே இளஞ்சிவப்புத் தோல் தெரியும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, கண்ணை விட்டு விலகும் திசையில் துடைக்க வேண்டும். துணியில் பழுப்பு நிற அழுக்கு வருவது வழக்கம். புளித்த வாடையும் பிசுபிசுப்பும் செந்நிறமும் இருந்தால் ஈஸ்டோ பாக்டீரியாவோ பெருகியிருக்கிறது. துடைத்ததைவிட முக்கியமானது உலர்த்துவது: வேறொரு காய்ந்த துணியால் மீண்டும் ஒரு முறை ஒற்றி எடுத்தால்தான் வேலை முடிந்தது. ஈரத்தோடு மூடிவிட்ட மடிப்பு, தொடாமலே விட்ட மடிப்பைவிட விரைவில் புண்ணாகும். பவுடர், எண்ணெய், மணமூட்டிய ஈரத்தாள் எதுவும் வேண்டாம். மடிப்பு கண்ணுக்கு வெகு அருகில் இருக்கிறது. சுருண்ட வாலின் அடியிலும் இதே போன்ற குழி உண்டு. அங்கே கை போகாததால் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் அங்கே பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிறிய தாடையிலும் 42 பற்கள்தாம் முளைக்கின்றன. அவை கோணலாகவும் நெருக்கியும் நிற்பதால் அழுக்கு தங்கும். நாய்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட பற்பசையால் நாள்தோறும் துலக்குங்கள், மனிதருக்கான பற்பசை ஆகாது. உரோமம் குட்டையாக இருந்தாலும் இரட்டைப் படலம் என்பதால் ஆண்டு முழுவதும் உதிரும்; இரப்பர் தூரிகையால் வாரிவிட்டால் ஓரளவு குறையும். நகத்தை வெட்டும்போது அது போடும் கூச்சலுக்கு அஞ்ச வேண்டாம், ஆனால் மூச்சு இரைக்கத் தொடங்கினால் மீதியை மறுநாள் வெட்டலாம்.

இந்த இனத்தில் நடுமுதுகில் முதுகெலும்புக் குறைபாடும் இருக்கக்கூடும். பின்னங்கால் நகங்கள் தரையில் உரசித் தேய்வது, குறுக்காக நடப்பது, தன்னறியாமல் மலம் விழுவது ஆகியவை அதன் தொடக்கம். "வயிறு சரியில்லை" என்று மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதற்குள் தண்டுவடம் பாதிக்கப்பட்டுவிடுகிறது. இளம் பக் நாய்க்கு வலிப்பு வந்தால் அதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்த இனத்தில் குறிப்பாகக் காணப்படும் கொடிய மூளையழற்சி ஒன்று உண்டு.

குணத்தில் இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. சிறிய வீட்டுக்குப் பொருந்தும், தேவையின்றிக் குரைக்காது, குழந்தைகளோடு இணங்கும். தனிமையை மட்டும் தாங்காது. நீண்ட நேரம் தனியே விட்டால் கத்தியும் அலைந்தும் தன்னைத் தானே மூச்சிரைக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். நீங்கள் வீடு திரும்பும்போது அது துள்ளிக் குதிப்பதை மேலும் தூண்டாமல், அடங்கும் வரை கவனிக்காதவர் போல இருந்து, பிறகு கொஞ்சுங்கள். விமானத்தின் சரக்கறையில் அனுப்ப எண்ணவே வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட கணக்கில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் விமானப் பயணத்தில் இறந்த நாய்களில் ஏறத்தாழப் பாதி தட்டை மூக்கு இனங்களே. பல விமான நிறுவனங்கள் இவற்றைச் சரக்காக ஏற்க மறுப்பது அதனால்தான்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு முறை ஈன்றால் பெண் நாயின் உடலுக்கு நல்லது என்பதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. உங்கள் நாயின் நிலையில் குட்டி போட விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கருவுற்ற கடைசி வாரங்களில் வயிறு மார்பை நெருக்கும். இப்போதே திணறும் நாய்க்கு அது தாங்காத சுமை. குட்டிகளின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகல். பிரிட்டனில் 2010இல் வெளியான ஆய்வில் பாஸ்டன் டெரியர், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் ஆகியவற்றின் பிரசவங்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அறுவை சிகிச்சையால் நடந்தவை. பக் அந்த அளவுக்கு இல்லையென்றாலும் அந்த ஆபத்திலிருந்து விலகி நிற்கவில்லை. தட்டையான வாயால் குட்டியின் சவ்வைக் கிழிக்கவும் தொப்புள்கொடியை அறுக்கவும் பல தாய்களால் முடிவதில்லை. இவை அனைத்தும் நன்றாக முடிந்தாலும், தாயின் குறுகிய மூக்குத் துளை குட்டிகளுக்கும் போய்ச் சேரும்.

ஆகவே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள். கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் அதோடு நீங்கும். மயக்க மருந்து இந்த இனங்களுக்குக் கூடுதல் அபாயம் என்பது உண்மை. மயக்கத்துக்கு முன் ஆக்சிஜன் கொடுப்பதும், நாய் முழுமையாக விழித்து, தொண்டை வழியே செருகிய சுவாசக் குழாயைத் தானே வெளித்தள்ள முயலும் வரை அதை எடுக்காமல் வைத்திருப்பதும் அந்த அபாயத்தைப் பெரிதும் குறைக்கும். எனவே இந்த இனங்களில் பழக்கமுள்ள மருத்துவரைத் தேடுங்கள். மூச்சுப் பரிசோதனையில் தரம் பூச்சியமோ ஒன்றோ வந்தால் முதலில் எடையைக் குறைத்துவிட்டுக் கருத்தடையைச் செய்யலாம். இரண்டு வந்தால் எடை குறைந்த பின், ஒரே மயக்கத்தில் மூக்குத் துளையை அகலப்படுத்தி, மிகையான மெல்லண்ணத்தை வெட்டி, கருத்தடையையும் முடித்துவிட முடியுமா என்று கேளுங்கள். மூன்று வந்தால் எடைக்காகக் காத்திருக்க நேரமில்லை. மூச்சுப்பாதை அறுவைதான் முதலில். அறுவைக்குப் பின் தொண்டை வீங்கும் ஆபத்து முதல் நாள் இரவில்தான் அதிகம். அன்றிரவு முழுவதும் நாயின் அருகில் விழித்திருக்க ஆள் உண்டா என்பதை, நாள் குறிப்பதற்கு முன்பே அந்த மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லை என்றால் வேறு மருத்துவமனையைப் பாருங்கள். கருத்தடைக்குப் பின் நாயின் ஆற்றல் தேவை குறையும், பசி கூடும். ஆகவே காலையில் அந்த டப்பாவில் நிறுத்துப் போடும் அளவை மருத்துவரிடம் கேட்டு அன்றைக்கே திருத்திக்கொள்ளுங்கள்.